நெவில் நாலு வரை எண்ணுகிறார்

என் மீன் வறுவல் கடையில் உப்புக் குலுக்கியைத் தூக்கிப் பிடித்தாலும் நெவில் என்ட்விசில் உடனே குலுக்குவதில்லை. உருளைக்கிழங்கு வறுவலில் ஆவி பறக்கும். பொரித்த மீன் தாளில் படுத்துக் காத்திருக்கும். வாங்க வந்தவரும் காத்திருப்பார். நெவிலின் உதடு மட்டும் சத்தமில்லாமல் அசையும்: ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அதற்கப்புறம்தான் கை இறங்கும். அந்த இடைவெளியில் நான் அவர் கைக்குக் கீழே கையை நீட்டி, வறுவலின் ஓரத்தில் மரக்கரண்டி ஒன்றைச் செருகிவிடுவேன். பதினெட்டு வருஷமாகப் பழகிய கை. ஒரு நாளும் என் மேல் உப்பு விழுந்ததில்லை.

மழையில் நனைந்து வரிசையில் நிற்கிறவர்களுக்கு இது எரிச்சல்தான். வெளியூர்க்காரர்கள், பெரியவருக்கு உடம்புக்கு ஏதாவதா என்பது போல என்னைப் பார்ப்பார்கள். யாராவது வாய்விட்டே கேட்டுவிட்டால் நெவில் கோபித்துக்கொள்ள மாட்டார். "எல்லாம் அதது நேரத்துல விழணும், கண்ணு. முந்தி விழுந்தா கெட்டுடும்" என்பார். அவருக்கு எல்லாருமே கண்ணுதான். போலீஸ்காரரும் கண்ணு, பாதிரியாரும் கண்ணு. நான் மட்டும் முதலாளியம்மா. அதைச் சொல்லும்போது ஒரு கும்பிடு போடுகிற மாதிரி தலையைச் சாய்ப்பார். சம்பளத்தைக் கூட்டிக் கேட்கிற வாரத்தில் அந்தச் சாய்வு கொஞ்சம் கூடும்.

ஆள் நெட்டை. காது இரண்டும் சமமாக இருக்காது. சும்மா இருக்கத் தெரியாத விரல்கள். மாவு கலக்கும் வாளி, எண்ணெய்ச் சட்டியின் மூடி, குளிர்பானப் பெட்டியின் கதவு என்று எதைத் தொட்டாலும் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பார். தன் வீட்டுக் குப்பைத்தொட்டியை இவர் தட்டித் தட்டியே நசுக்கிவிட்டார் என்று அவர் மனைவி பெரில் சொல்லுவாள். அவள் மிகைப்படுத்துகிறவள் அல்ல. தொட்டியை நானே பார்த்திருக்கிறேன்.

இங்கிலாந்துக் கடற்கரையில் இருக்கும் எங்கள் மோர்கம் ஊரில் நாற்பது வயதைத் தாண்டிய எவரைக் கேட்டாலும் இந்த விரல்களின் கதையைச் சொல்லுவார்கள். இவர்தான் 'வெட் மண்டேஸ்' குழுவில் துவைப்பலகை வாசித்தவர். மூன்று பேர். டெரிக் ஹெஸ்கெத் பாட்டும் கிதாரும். கிளிஃப், ஒரு தேயிலைப் பெட்டியில் துடைப்பக் கட்டையை நட்டு ஒற்றைக் கயிறு கட்டி, அதைச் சுண்டி 'தும் தும்' என்று அடித்தொனி கொடுப்பவர். நெவில் தன் அத்தை வீட்டுத் துவைப்பலகையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, தைக்கிறவர்கள் விரலில் போடும் இரும்புக் குப்பிகளை எட்டு விரலிலும் மாட்டி, அந்த நெளிநெளித் தகரத்தைச் சுரண்டுவார். வாத்தியம் வாங்கக் காசில்லாதவர்கள் கண்டுபிடித்த சங்கீதம் அது. ஸ்கிஃபில் என்று பெயர். எங்கள் அப்பா காலத்தில் வந்து போனதை இந்த மூவரும் எண்பதுகளில் தூசி தட்டி எடுத்தார்கள்.

திங்கட்கிழமை துணி துவைக்கும் நாள். அன்றைக்கு மழை பெய்தால் வீடே சிடுசிடுக்கும். அந்த நினைப்பில் வைத்த பெயர்தான் வெட் மண்டேஸ், மழைத் திங்கட்கிழமைகள். மேடையின் குறுக்கே கொடி கட்டி, நிஜமாகவே ஈரக் காலுறைகளையும் உள்பனியன்களையும் காயப்போட்டுவிட்டுத்தான் பாடுவார்கள். முதல் வரிசையில் உட்கார்ந்தவர்கள் தலையில் சொட்டும். அதற்காகவே முதல் வரிசைக்கு அடிபிடி.

அவர்களுடைய ஒரே பெரிய பாட்டு 'ஹேஷமுக்குக் கடைசி பஸ்'. நேரத்துக்கு ஒரு நிமிஷம் முன்னாடியே கிளம்பிப் போய்விடுகிற பஸ்ஸையும், அதைத் துரத்திக்கொண்டு காதலியின் ஊருக்கு நடந்தே போகிற பையனையும் பற்றியது. "போயிடுச்சே, போயிடுச்சே" என்று டெரிக் பாடி நிறுத்தியதும் எல்லா வாத்தியமும் நின்றுவிடும். நாலு எண்ணுகிற நேரம் மௌனம். பிறகு துவைப்பலகை மட்டும் தனியாகக் 'கர்ர்ர்' என்று கிளம்ப வேண்டும். அப்படித்தான் டெரிக் எழுதியிருந்தார். ஆனால் பதிவு செய்த அன்று நெவிலின் சுட்டுவிரல் குப்பி நழுவியது. பிடிக்கப் போன கை தகரத்தில் உரசிவிட்டது. மூன்றிலேயே 'கர்ர்ர்'. மற்ற இருவரும் வேறு வழியில்லாமல் பின்னாலேயே ஓடினார்கள். பதிவுக்கூடத்தில் அவர்களுக்குக் கொடுத்த நேரம் அதோடு முடிந்துவிட்டது. தப்போடுதான் இசைத்தட்டு வெளியே வந்தது.

அந்தத் தப்பைத்தான் நாடே கொண்டாடியது. பஸ் முன்கூட்டியே கிளம்புகிற மாதிரி வாத்தியமும் முன்கூட்டியே கிளம்புகிறதாம், என்ன சாமர்த்தியம் என்று பத்திரிகைகள் எழுதின. டெரிக்குக்குப் புகழ் பிடித்திருந்தது, தப்பு பிடிக்கவில்லை. ஒவ்வொரு மேடையிலும் அந்தப் பாட்டுக்கு முன்னால் நெவிலைக் காட்டி, "எங்க நெவிலுக்கு மூணு வரைக்கும்தான் எண்ணத் தெரியும். பெருசா நினைச்சுக்காதீங்க" என்பார். சபை விழுந்து விழுந்து சிரிக்கும். நெவிலும் சிரிப்பார். ஊர் ஊராக, இரண்டு வருஷம், இரவுக்கு இரவு அதே வேடிக்கை. சிரிப்பவன் வாய் சிரித்தால் உள்ளே வலிக்கவில்லை என்று அர்த்தமா? இதைக் கேட்க அந்த வயதில் யாருக்கும் தோன்றவில்லை.

இரண்டாவது தட்டுக்குக் கம்பெனிக்காரர்கள் தாளம் போடும் இயந்திரம் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அது நாலு என்றால் நாலு. நெவிலிடம் யாரும் சொல்லவில்லை. முடி வெட்டிக்கொள்ளப் போன இடத்தில் வானொலியில் அந்தப் பாட்டைக் கேட்டார். முழுசாக வெட்டி முடிக்கும் வரை அசையாமல் உட்கார்ந்திருந்தாராம். வீட்டுக்கு வந்து பெரிலிடம், "அதுல நான் இல்ல" என்றார். சண்டையில்லை, சாபமில்லை. மறுநாள் முதல் போகவில்லை, அவ்வளவுதான். இயந்திரத் தாளத்தில் சட்டை மாட்டிக்கொண்டு ஒழுங்காக வந்த பாட்டை யாரும் வாங்கவில்லை. ஈரப் பனியனைத்தானே ஜனங்கள் பார்க்க வந்தார்கள்! ஒரு வருஷத்தில் குழுவே கலைந்தது. டெரிக், வீட்டோடு ஒட்டிக் கட்டும் கண்ணாடி அறைகள் விற்கப் போனார். கிளிஃப் பஸ் ஓட்டுகிறார். அதே ஹேஷம் பஸ்தான், ஆனால் நேரத்துக்குத்தான் கிளப்புகிறார். நெவில் பல வருஷம் அங்கேயும் இங்கேயும் வேலை பார்த்துவிட்டு, கடைசியில் என் கடைக்கு வந்தார்.

அந்தப் பாட்டு எங்கே கேட்டாலும் நெவில் எழுந்து வெளியே போய்விடுவார். கல்யாண விருந்தில் போட்டால் கழிப்பறைக்கு. மதுக்கடையில் போட்டால் மழையில் நின்று சிகரெட்டுக்கு. அவர் சிகரெட் பிடிக்காதவர். அதனால், இந்த ஊரில் அந்தப் பாட்டு வந்தால் ஜனங்கள் என்ன செய்வார்கள் என்பதை அவர் ஒரு தரம்கூடப் பார்த்ததில்லை. எங்களுக்கெல்லாம் அது மூச்சு விடுகிற மாதிரி வழக்கம் என்பதால் யாரும் அவரிடம் சொல்லவும் இல்லை.

போன வசந்தத்தில் ஒரு மத்தியானம் டெரிக் கடைக்கு வந்தார். இடுப்பு எலும்பு மாற்றி, கைத்தடியோடு, வரிசையில் ஒழுங்காக நின்று வந்தார். அவர் முறை வந்தபோது நெவில் குலுக்கியைத் தூக்கி நாலு எண்ணி உப்புப் போட்டார். முப்பது வருஷத்துக்குப் பிறகு பார்க்கிறவர்கள் பேசிக்கொண்டது, மசித்த பட்டாணி வேண்டுமா வேண்டாமா என்பதைத்தான். பொட்டலத்தைக் கையில் வாங்கிக்கொண்ட பிறகுதான் டெரிக் விஷயத்துக்கு வந்தார். கடற்கரைச் சாலையின் பழைய நாடக அரங்குக்குக் கூரை ஒழுகுகிறது, நிதி திரட்டுகிறார்கள், மூவரும் ஒரே ஒரு மாலை சேர்ந்து வாசிக்க முடியுமா என்று கேட்கிறார்கள்.

"இயந்திரம் ரிப்பேரா?" என்றார் நெவில்.

டெரிக் முகம் சிவந்தது. பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டே, "நீ இல்லாம அது அந்தப் பாட்டே இல்ல, நெவ்" என்றார். நெவில் கல்லாமேசையைத் துணியால் துடைத்தார். சுத்தமாக இருந்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

"வர்றேன். ஆனா அந்த வேடிக்கைப் பேச்சு வேண்டாம். நான் நாலு எண்ணித்தான் வருவேன். ஒரு தடவையாவது இந்த ஊர் ஜனங்க முன்னாடி சரியா வந்துட்டுப் போறேன்."

டெரிக் சரி என்றார். அவர் போன பிறகு நெவில் ஒரு மணி நேரம் யாரையும் கண்ணு என்று கூப்பிடவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. பதினெட்டு வருஷமாக இந்த மனிதர் உப்புப் போடவில்லை; ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். என் வறுவல் மேல்!

ஒத்திகைக்கு என் கடையின் பின்கட்டைக் கொடுத்தேன், உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கு நடுவில். விரல் கணுக்கள் வீங்கிப் போனதால் பழைய குப்பிகள் நெவிலுக்கு ஏறவில்லை. பெரில் எங்கிருந்தோ பெரிதாக வாங்கி, உள்ளே பஞ்சு வைத்துக் கொடுத்தாள். குப்பி எதுவும் நழுவவில்லை. ஒவ்வொரு முறையும் நாலு. கிளிஃப் கயிற்றைச் சுண்டியபடியே, "என் பஸ்ஸைவிட கரெக்டா வர்றானேப்பா" என்றார். நெவிலுக்குக் காது வரை சந்தோஷம், அந்தச் சமமில்லாத காது இரண்டும் சிவக்க.

ஒரு திங்கட்கிழமை மாலை நிகழ்ச்சி. நானும் பெரிலும் முதல் வரிசை. தலைக்குப் பிளாஸ்டிக் தொப்பி போட்டுக்கொண்டோம். கொடியில் ஈரக் காலுறை தொங்கியது, மேலே கூரையும் தன் பங்குக்குச் சொட்டியது. அரங்கு நிறைந்து, வாசல்படியிலும் ஆட்கள். என் மீன்காரர், பல் வைத்தியர், பள்ளிக்கூடத்துச் சமையல்காரி என்று பாதி ஊர் அங்கேதான். கடைசிப் பாட்டாக அது வந்தது. டெரிக் வாக்குத் தவறவில்லை. வேடிக்கை எதுவும் பேசாமல் நேராகப் பாட ஆரம்பித்தார். நெவில் பலகையை நெஞ்சோடு இழுத்து வைத்துக்கொண்டார். பெரில் என் கையைப் பிடித்த பிடியில் மோதிரம் அழுந்தியது.

"போயிடுச்சே, போயிடுச்சே." வாத்தியங்கள் நின்றன. நெவிலின் விரல்கள் தகரத்துக்கு மேலே நின்றன. உதடு அசைந்தது. ஒன்று. இரண்டு.

மூன்றில் அரங்கே எழுந்தது. அத்தனை பேரும் ஒரே அடியாகத் தரையில் மிதித்து, நாற்காலிக் கையில் தட்டி, வாயால் 'கர்ர்ர்' என்று கத்தினார்கள். கல்யாணத்தில் செய்வது போலவே, கால்பந்து மைதானத்தில் செய்வது போலவே. மேடைப் பலகை நடுங்கிற்று. நான்கில் நெவில் தன் கையை இறக்கினார், சொன்ன சொல் தவறாமல், மிகச் சரியாக. அது ஒரு காதுக்கும் கேட்கவில்லை.

அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. ஒரே ஒரு தடவை சரியாக வர ஆசைப்பட்ட மனுஷனுக்கு, சரியான இடத்திலும் இடமில்லாமல் போய்விட்டதே என்று நினைத்து, பிளாஸ்டிக் தொப்பியை இன்னும் கீழே இழுத்துக்கொண்டேன். பாட்டு தடுமாறி நின்றது. டெரிக் மைக்கில், "எங்க நெவில் ஏறுறதுக்குள்ள நீங்க பஸ்ஸை எடுத்துட்டீங்க. மறுபடி பாடுறோம்" என்றார். சபை சிரித்தது. பிறகு மைக்கைக் கையால் மூடிக்கொண்டு, தடியை ஊன்றி நெவில் பக்கம் போனார். முதல் வரிசையில் இருந்ததால் எங்களுக்குக் கேட்டது.

"ஊரே உன்னை மாதிரிதான் எண்ணுது, நெவ். நான் ஒருத்தன்தான் தப்பா எண்ணிக்கிட்டு இருந்திருக்கேன். அப்பவே சொல்லியிருக்கணும்."

நெவில் சபையைப் பார்த்தார். வரிசை வரிசையாக, அவர் தினமும் உப்புப் போட்டுக் கொடுக்கிற முகங்கள். சிரித்துக்கொண்டு, காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, அவருக்காகத் தயாராக நின்றிருந்தார்கள். ஊர் ஓடினால் ஒத்து ஓடு என்பார்கள். இங்கே ஊர்தான் முப்பது வருஷமாக இவரோடு ஒத்து ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. இவர் திரும்பிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். "சரி, ஆரம்பி" என்றார் டெரிக்கிடம். இரண்டாம் முறை என்ன நடந்தது என்பதை என்னால் ஒழுங்காகச் சொல்ல முடியாது. பெரில் அழுதாள், நானும் அழுதேன். சொல்வதற்கு வெட்கமில்லை.

செவ்வாய்க்கிழமை கடை திறந்தோம். மீன்காரர் மீன் கொடுத்துவிட்டு, நேற்று நல்ல மழை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். நெவில் வழக்கம்போல வாளியைத் தட்டிப் பார்த்து மாவு கலக்கினார். நான் முதுகு வலி என்றேன், அவர் முழங்கால் என்றார். மதியம் முதல் ஆளாக வந்த சமையல்காரிக்கு ஒரு மீன், ஒரு வறுவல். நெவில் தாளை விரித்தார், குலுக்கியைத் தூக்கினார், உதடு அசைந்தது: ஒன்று, இரண்டு. நான் எப்போதும்போல மரக்கரண்டியோடு அவர் கைக்குக் கீழே என் கையை நீட்டினேன்.

என் புறங்கை முழுக்க உப்பு.