சுண்ணாம்பு பூசிய அரண்மனை

மலாய் நாட்டில், காஜா பெராங்கில் நாங்கள் குடியிருந்த பழைய பங்களாவின் கூடத்துச் சுவர் முழுக்க ஒரு ரஷ்ய அரண்மனை இருந்தது. ரப்பர் விலை ஏறியிருந்த காலத்தில் வீட்டைக் கட்டிய சீன முதலாளி பாபா தவுக்கே, சக்கரவர்த்தி வீழ்ந்ததும் நாட்டைவிட்டு ஓடிவந்த ஒரு ரஷ்யரைக் கொண்டு அதை வரைய வைத்தாராம். மஞ்சள் சுவர், வெள்ளைத் தூண்கள், வரிசையாக ஜன்னல்கள், முன்னால் பனி. நிஜ அரண்மனை கேட்பாரற்றுக் கூரை ஒழுகிக் கிடக்கிறது என்று வரைந்தவர் அழுதாராம். எங்கள் கூரை மட்டும் என்ன வாழ்ந்ததாம்? ஜப்பான்காரன் இருந்துவிட்டுப் போன வீடு அது. பலகையால் தடுத்த அறைகளில் ஆறு குடும்பங்கள் இருந்தோம். ஈரம் ஏறிப் படத்தில் பாசி படர்ந்திருந்தது. அரண்மனை வாசலில் ஆணி அடித்துத் துணி உலர்த்தக் கொடி கட்டியவள் நான்தான்.

மெர்டேக்கா, அதுதான் சுதந்திரம், வரப்போகிறதென்று ஊரே பேசிக்கொண்டிருந்த வருடம். மார்கழிக் கடைசியில், வீட்டைப் பார்த்துக்கொள்ளும் கிராணி வந்தார். தவுக்கேயின் மகள் பொங்கல் கழிந்து சிங்கப்பூரிலிருந்து வருகிறார், விற்பதா வேண்டாமா என்று நேரில் பார்த்துத்தான் முடிவு செய்வார் என்றார்.

“வீடு உருப்படியா இருந்தா விக்க மாட்டாங்க. பாத்துக்குங்க.”

அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கைக்குழந்தையோடு வேறு இடம் தேடி எங்கே அலைவது? பெருக்கினேன், கழுவினேன், மறுபடி பெருக்கினேன். என் கை சும்மா இருக்கிற கையா? பொங்கலுக்கு வெள்ளையடிக்காத வீடும் ஒரு வீடா என்று வாளியில் சுண்ணாம்பு கரைத்து, நீலம் கலந்து, மேசைமேல் ஏறி நின்றேன். படத்தை மட்டும் விட்டுவிடேன் என்றார் என் வீட்டுக்காரர். பாசிச் சுவரைக் காட்டியா வீட்டைக் காப்பாற்றுவது என்று அவர்மேல் எரிந்து விழுந்தேன். மாலைக்குள் சுவர் பளிச்சென்று ஆகிவிட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்த அம்மா வந்தார். கெபாயாச் சட்டை உடுத்திய, நாற்பது வயது மதிக்கத்தக்க நோஞ்ஞா, பாபா வீட்டுச் சீனப் பெண்மணி. எந்த அறையையும் பார்க்கவில்லை, நேரே கூடத்துக்குப் போய் வெள்ளைச் சுவரின் முன் நின்றார்.

“மானா கம்பார் இத்து?”

படம் எங்கே என்று கேட்கிறார். பொங்கலுக்காகச் சுண்ணாம்பு அடித்தோம் என்று எனக்குத் தெரிந்த சந்தை மலாயில் சொன்னேன். சிறுவயதில் அந்த ஜன்னல்களை எண்ணித்தான் எண் பழகினாராம். அந்தச் சுவருக்காகத்தான் இத்தனை நாள் வீட்டை விற்காமல் வைத்திருந்தாராம். சுவரைத் தொட்டார், விரலில் வெள்ளை ஒட்டியது. கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு காரில் ஏறினார்.

வீட்டை விற்றுவிட்டார். ஆறு குடும்பமும் ஆளுக்கொரு திசையாகப் போனோம். நாங்கள் பத்து பெரெண்டாம் என்ற ஊருக்குப் போனோம். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தவளை என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மெர்டேக்கா கொண்டாட்டம் முடிந்த வாரம், மனசு கேட்காமல் போய்ப் பார்த்தேன். கூரையைப் பிரித்துவிட்டிருந்தார்கள். கூடத்துச் சுவர் மட்டும் நின்றது. நாலைந்து மழை பெய்திருக்கும், பசை சேர்க்காமல் நான் அடித்த சுண்ணாம்பு கரைந்து வழிந்திருந்தது. மஞ்சள் சுவரும் ஜன்னல்களும் தெரிந்தன.

நின்று எண்ண ஆரம்பித்தேன். பதினொன்று வரை எண்ணியிருப்பேன். சுவரை இடிக்க வேண்டும், தள்ளி நில்லுங்கள் என்றார் கூலியாள்.