புளி போட்டுத் தேய்த்த வளையம்

அப்பா ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான் விற்கும் ஜூனா பஜாருக்குப் போனால் வெறுங்கையோடு திரும்பமாட்டார். ஓடாத கடிகாரம், சாவியில்லாத பூட்டு என்று ஏதாவது வரும். தொண்ணூறுகளில் ஒருநாள் உள்ளங்கை அகலத்தில் ஒரு வெண்கல வளையம் வந்தது. மேலே இரண்டு வாத்துகள், சுற்றிலும் பூவேலை. பச்சை பிடித்து, மண் அப்பி, பார்க்கச் சகிக்காது.

"குதிரைய பூட்டுற தோல்வாரு இதுக்குள்ள ஓடியிருக்கும்மா. உள்பக்கம் ஒரே இடத்துல தேஞ்சிருக்கு பாரு" என்றார்.

கட்கியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் ஃபிட்டர் அவர். படிப்பு எட்டாம் வகுப்பு. ஆனால் தேய்மானத்தில் அவரை யாரும் ஏமாற்ற முடியாது. தான் சொன்னது சரி என்று படித்தவர் ஒருவர் வாயால் கேட்டுவிட வேண்டும், அதுதான் ஆசை. அலைந்து திரிந்து ஒரு தொல்லியல் பேராசிரியரைப் பிடித்தார். அவர் சனிக்கிழமை வரச் சொன்னார்.

முந்தின நாள் வெள்ளிக்கிழமை. வீட்டில் விளக்கு தேய்ப்பது என் வேலை. பெரிய மனிதரிடம் இவ்வளவு அழுக்காகவா கொண்டுபோவது? விளக்குகளோடு அதையும் புளி போட்டுத் தேய்த்தேன். பழைய பிரஷால் இண்டு இடுக்கெல்லாம் சுரண்டினேன். தங்கம் மாதிரி ஆனதும் குங்குமம் வேறு வைத்தேன். பதின்மூன்று வயதுக்கு என்ன ஒரு பெருமை!

ஷிப்ட் முடிந்து வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். "நல்லா பளபளன்னு ஆக்கிட்டியேம்மா" என்றார். நான் பாராட்டு என்றே நினைத்தேன்.

மறுநாள் என்னையும் கூட்டிப்போனார். பேராசிரியர் லென்ஸ் வைத்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினார். அந்தப் பச்சையில் தோலின் தடம் இருந்திருக்கலாம், இப்போது இது பழையதா புதிதா என்றே சொல்ல முடியாது என்றார் இந்தியில். யார் தேய்த்தது என்று கேட்டார்.

"மைனே ஹீ, சாப்" என்றார் அப்பா, தானே தேய்த்ததாக.

திரும்பும் வழியில் வடாபாவ் வாங்கிக் கொடுத்தார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்.

இப்போது அப்பா இல்லை. வளையம் ஹடப்சரில் என் வீட்டு அலமாரியில் கறுத்துக் கிடக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் எடுத்து உள்பக்கம் விரல் வைத்துப் பார்க்கிறேன். தேய்ந்த இடம் அப்படியே இருக்கிறது, அதைப் புளி ஒன்றும் செய்யவில்லை. அப்பா சொன்னது சரிதான். அவர் இருந்தவரை நான் அதை அவரிடம் சொல்லவேயில்லை.