பாவில் விழுந்த வேப்பம்பூ

வசந்தம் வந்துவிட்டது என்கிறார்கள். எங்கள் காஞ்சிபுரத்துத் தெருவில் அதற்குக் குப்பை என்று பெயர். பனி விட்டதும் வேப்பமரம் இலையைக் கொட்டும், பங்குனியில் பூவைக் கொட்டும். பெருக்கிவிட்டு நிமிர்ந்தால் வாசல் பழையபடி கிடக்கும். திருவிழா வருகிறதென்று ஊரே பூரிக்கும்போது எனக்கு என் இடுப்புதான் ஞாபகத்துக்கு வரும்.

இந்த வருஷம் அலுப்பு இன்னும் அதிகம். என் வீட்டுக்காரருக்குத் தொண்டையில் கட்டி வந்து, மழைக்காலம் முழுக்க ஆஸ்பத்திரியில் கரண்ட் வைத்தார்கள், அதாவது கதிர்வீச்சு. கட்டி கரைந்தது. கூடவே நாக்கின் ருசியும் போய்விட்டது. “மெதுவா வரும்மா. சில பேருக்கு வராமலும் போகலாம்” என்றார் டாக்டர். ருசி வராவிட்டால் இவர் ஒழுங்காகச் சாப்பிடமாட்டார், சாப்பிடாவிட்டால் உடம்பு தேறாது. என் பயமெல்லாம் அதுதான்.

கல்யாணமான நாளிலிருந்து என் சமையலில் குற்றம் சொல்லாமல் அவர் கை கழுவியதில்லை. ஒரு கல் உப்பு குறைந்தாலும் “உப்பில்லாப் பண்டம் குப்பையிலே” என்று தட்டைத் தள்ளுவார். இப்போது எதைப் போட்டாலும் “நல்லாக்குதுமா” என்கிறார். ஒருநாள் நான் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் ரசத்தில் உப்பே போடவில்லை என்று தெரிந்தது. அதையும் நல்லாக்குது என்று குடித்துவிட்டுப் போய்ப் படுத்திருந்தார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. அதற்கப்புறம் அடுப்படிக்குப் போகவே கால் வரவில்லை.

பங்குனிக் கடைசியில் பக்கத்து வீட்டில் தறிக்குப் பாவு போட்டார்கள். விடியற்காலையில் பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, வெயில் ஏறுவதற்குள் காயவைத்துச் சுருட்ட வேண்டும். வீட்டுக்கு ஓர் ஆள் கைகொடுப்பது தெரு வழக்கம். எப்போதும் அவர் போவார், இந்தத் தடவை நான் போனேன்.

கஞ்சி ஈரம் காய்வதற்குள் ஒரு காற்று. மரம் பூவையெல்லாம் பாவின்மேல் உதறிவிட்டது. ஒட்டிய பூவை இழை அறாமல் ஒவ்வொன்றாகக் கிள்ளியெடுத்தோம்.

“வருசப் பொறப்பு வருதுல்ல, பச்சடிக்கு எத்துக்கினு போக்கா” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

“யாரு துன்றதுக்கு? அவுரு வாய்க்கு பூவும் ஒண்ணுதான், மண்ணும் ஒண்ணுதான்” என்றேன். அவள் குனிந்து அடுத்த பூவைக் கிள்ளினாள். நான் அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம். ஆனாலும் பூவை முந்தானையில் முடிந்துகொண்டேன். கீழே போட்டால் அதையும் நான்தானே பெருக்க வேண்டும்!

சித்திரை முதல் நாள், உலர்த்தி வைத்த பூவை வறுத்து மாங்காய்ப் பச்சடியில் போட்டேன். வருஷப் பிறப்பென்றால் செய்யத்தானே வேண்டும்? முறத்திலிருந்த பூவை அப்படியே வாணலியில் கொட்டினேன். அளவெல்லாம் யார் பார்த்தது.

இலையில் முதலில் பச்சடியை வைத்தேன். அவர் விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். நான் சோறு எடுக்கத் திரும்பிவிட்டேன். வரப்போகும் “நல்லாக்குதுமா”வைக் கேட்கும் தெம்பு இல்லை.

“த்தூ! இன்னாமா இது? வாய்ல வெக்க முடியல. வெல்லம் போட்டியா இல்லியா?”

திரும்பிப் பார்த்தேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு தண்ணீருக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தார். அடுப்புப் பக்கத்தில் வெல்லப் பொட்டலம் பிரிக்காமலே இருந்தது.

கரண்டியோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எத்தனை வருஷமாக இந்த மனிதரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன், ஒருநாளும் அழுததில்லை.

“இன்னொரு தரம் சொல்லுங்க” என்றேன்.