செபமாலைமுத்து வாய் மூடிய மூன்று கிழமைகள்

செபமாலைமுத்து லண்டன் ஹரோவில் வாயைத் திறந்தால் வெஸ்ட் ஈலிங் வீட்டில் தனக்குக் கேட்கும் என்று அவர் மனைவி பெனிற்றா சொல்வாள். கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறாள், ஆனால் நிறையக் கூட்டவில்லை. அவர் வேலை செய்யும் கல்லூரி மைதானத்தின் ஓரமாகப் போகும் மெட்ரோபொலிட்டன் ரயிலில் இருப்பவர்கள் அவர் சத்தத்துக்குப் போனிலிருந்து தலையைத் தூக்கிப் பார்ப்பார்கள். வேறு எதற்கும் அந்த ரயிலில் ஒருவரும் தலையைத் தூக்குவதில்லை. அப்படிப்பட்ட வாய்க்கு ஐந்து வரி மின்னஞ்சல் ஒன்று பூட்டுப் போட்டது.

அக்டோபரில் ஒரு திங்கட்கிழமை காலை அது வந்தது. உதைபந்தாட்ட அணியில் ஒரு மாணவரை மற்றவர்களைப்போல அவர் நடத்துவதில்லை என்று முறைப்பாடு வந்திருக்கிறதாம். முறைப்பாடு செய்தவரின் பெயரைச் சொல்ல முடியாதாம். விசாரணை மூன்று கிழமை, அதாவது இருபத்தொரு நாள் கழித்து நடக்கும். அதுவரை பயிற்சியைத் தொடரலாம். முறைப்பாடு உறுதியானால் அணியைக் கலைப்பது பற்றி நிர்வாகம் யோசிக்க வேண்டியிருக்கும். கீழே மாணவர் நலப் பொறுப்பாளர் ஜூடித்தின் பெயர் இருந்தது.

கொதிகலன் அறையில் நின்று மூன்று தரம் வாசித்தார். முதல் தரம் விளங்கவில்லை. இரண்டாம் தரம் விளங்கியதுபோல இருந்தது. மூன்றாம் தரம் திரும்பவும் விளங்கவில்லை.

கொதிகலன் அறையில் கோச்சுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். அவர் அந்தக் கல்லூரியின் பராமரிப்பு ஆள். சாவிக் கொத்து, குப்பைத் தொட்டி, உடைந்த கதிரை எல்லாம் அவர் பொறுப்பு. அகதியாக வந்து, பெற்றோல் நிலையத்தில் எட்டு வருடம் நின்று, பிறகு இங்கே சேர்ந்தார். சேர்ந்தபோது கல்லூரியில் உதைபந்தாட்ட அணி என்று ஒன்று இல்லை. கடைசியாக இருந்த அணி பதினான்குக்குப் பூச்சியம் தோற்ற அன்று, பாதிப் பேர் இடைவேளையிலேயே பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விட்டார்கள். கோல் கம்பங்கள் களஞ்சியத்துக்குப் பின்னால் முட்செடிக்குள் கிடந்தன. உதைபந்தே மூச்சான யாழ்ப்பாணத்து நாவாந்துறைக்காரர் ஒருவருக்கு அதைப் பார்த்துக்கொண்டு நாள்தோறும் குப்பை அள்ளுவது எவ்வளவு கஷ்டம் என்று வேறு ஊர்க்காரருக்கு விளங்காது. போய் அதிபரைக் கேட்டார். "பதினொரு பேர் கிடைத்தால் நடத்துங்கள்" என்றார் அதிபர், கிடைக்காது என்ற தைரியத்தில்.

முத்து விடவில்லை. தன்னைவிட இருபது வயது குறைந்தவர்களோடு இருந்து படித்துப் பயிற்சியாளர் சான்றிதழ் எடுத்தார். இரண்டாம் தரம்தான் தேறினார், அதை அவர் சொல்வதில்லை. பிறகு ஆள் பிடிக்க இறங்கினார். கன்ரீன் வாசலில் தோடம்பழத்தை நிலத்தில் விழவிடாமல் காலால் ஏழு தரம் தட்டிய அப்தியைப் பிடித்தார். குழாய் வேலை படிக்கும் ருமேனியப் பெடியன் ரஸ்வான், ஏணியிலிருந்து விழுந்த குழாயைப் பாய்ந்து பிடித்ததைக் கண்டு அவனைக் கோலுக்குள் நிறுத்தினார். முதல் வருடம் ஒரே ஒரு ஆட்டம் வென்றார்கள். இந்த வருடம் பதினான்கு பேர். புதன்கிழமை லீக்கில் மூன்றாம் இடம்.

இவ்வளவையும் அவர் செய்தது ஏச்சாலேதான். ஊரில் அவர் கற்றது அது ஒன்றைத்தான். அங்கே கோட்டுக்கு வெளியே நிற்கும் சனம் முழுவதும் விளையாடுகிறவனைப் பெயர் சொல்லி ஏசும். ஏச்சு விழுந்தால் உன்னை நம்பியிருக்கிறார்கள் என்று அர்த்தம். பதினேழு வயதில் ஒரு பருவம் முழுவதும் பயிற்சி தந்த மாஸ்ரர் அவரை ஏசவே இல்லை. பருவம் முடிய அணியில் அவர் பெயர் இல்லை. அந்த அமைதி அவருக்கு இன்னும் காதில் கேட்கும்.

ஆகவே லண்டனிலும் ஏசினார், தன் ஆங்கிலத்தில். "ரஸ்வான், பூசணிக்காய்! கோலுக்குள் நின்று பஸ்ஸுக்கா காத்திருக்கிறாய்?" "அப்தி, கழுதை, கண் பிடரியிலா இருக்கிறது?" பெடியள் அதைத் தங்களுக்குள் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். சிரித்தார்கள் என்றுதான் மின்னஞ்சல் வரும்வரை முத்து நினைத்துக்கொண்டிருந்தார்.

"உங்கட வாய்தான்" என்றாள் பெனிற்றா, அன்று பின்னேரம் தேத்தண்ணியை வைத்துவிட்டு. "வேற என்ன? எத்தினை தரம் சொன்னனான், இது நாவாந்துறை இல்லை எண்டு."

"எல்லாரையும்தானே ஏசுறன். ஒருத்தனை மட்டும் எண்டெல்லோ எழுதியிருக்கினம்."

"அப்ப ஒருத்தனை மற்றவையிலும் கூட ஏசியிருப்பியள்."

முத்து அணிப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு, யாரை எத்தனை தரம் ஏசினோம் என்று நினைத்துப் பார்த்தார். அப்திதான் ஆகக் கூடுதல். ஆனால் அவன் போன கிழமைதான் அவருக்குப் பிறந்தநாள் அட்டை தந்தவன். ரஸ்வானா? பூசணிக்காய் என்பது ருமேனியாவில் பெரிய கெட்ட வார்த்தையோ? பதின்மூன்று பேரையும் சந்தேகப்பட்டார். பதினான்காவது பெயரில் விரல் நிற்கவே இல்லை, ஏனென்றால் யனுஷனை அவர் ஒரு நாளும் ஏசியதில்லை.

யனுஷன் அணியில் இருந்த ஒரே தமிழ்ப் பெடியன். சேர்ந்த அன்று தாய் சந்திரவதனா கூடவே வந்து, "அண்ணை, எங்கட பெடியன், கொஞ்சம் பாத்துக்கொள்ளுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனாள். முத்துவுக்குப் பழைய கதை ஒன்று ஞாபகம் வந்தது. பத்து வருடத்துக்கு முன் அவர் இங்கே ஊர்ச் சங்கத்தின் அணிக்குக் கோச்சாக இருந்து, கோடைகாலப் போட்டிக்குப் பெனிற்றாவின் அண்ணன் மகனை இறக்கினார். பெடியன் நன்றாகத்தான் ஆடினான். ஆனால் "தன்ர ஆளைப் போட்டிட்டார்" என்று ஒரு கதை கிளம்பி, சங்கம் இரண்டாக உடைந்து, இன்றுவரை ஒரே பெயரில் இரண்டு சங்கம் இருக்கிறது. செத்த வீட்டில்கூட ஒரு பக்கத்து ஆட்கள் மற்றப் பக்கத்தோடு கதைப்பதில்லை. இந்த முறை ஒருவனும் அப்படிச் சொல்லக்கூடாது என்று முத்து முடிவெடுத்தார். முதல் நாளே பெடியன் "ஹாய் அங்கிள்" என்றதும், "இங்கே கோச்" என்று ஆங்கிலத்தில் திருத்தினார். அதற்குப் பிறகு அவனோடு ஒரு சொல் தமிழ் பேசவில்லை. அவன் நல்லது செய்தாலும் "வெல் டன்", பிழை விட்டாலும் "வெல் டன்". தராசு பிடித்ததுபோல நடக்கிறேன் என்று மனிதருக்கு உள்ளுக்குள் பெருமை வேறு.

மின்னஞ்சலுக்குப் பிறகு எல்லாருக்கும் அதே வைத்தியம் என்று தீர்மானித்தார். செவ்வாய்க்கிழமைப் பயிற்சியில் ஏச வாயைத் திறக்கவில்லை. அப்தி பந்தை வேலிக்கு மேலால் அடித்தான். "நல்ல முயற்சி" என்றார். பெடியள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அடுத்த நாள் ஆட்டத்துக்குப் பெனிற்றா சுட்ட மட்டன் ரோல்ஸ் ஒரு பெட்டி கொண்டுபோனார். இடைவேளையில் மூன்று கோல் பின்னால் நின்றார்கள். முத்து பெட்டியைத் திறந்து நீட்டி, "நன்றாக விளையாடுகிறீர்கள்" என்றார். ஒருவரும் கை வைக்கவில்லை.

"கோச், நீங்கள் சாகப்போகிறீர்களா?" என்று கேட்டான் ரஸ்வான். பகிடிக்குக் கேட்கவில்லை, முகம் வெளுத்திருந்தது. அவனுடைய பெரியப்பா புற்றுநோய் என்று தெரிந்த பிறகுதான் அன்பாகப் பேசத் தொடங்கினாராம்.

அந்த ஆட்டம் ஐந்துக்குப் பூச்சியம். அடுத்ததும் தோல்வி. மூன்றாம் இடத்திலிருந்த அணி எட்டாம் இடத்துக்கு இறங்கியது. ஏசினாலும் கலைப்பார்கள், ஏசாவிட்டாலும் தானாகக் கலைந்துவிடும் போலிருந்தது. முத்துவுக்கு நித்திரை கெட்டது. குப்பைத் தொட்டிகளை நிறம் மாற்றி வைத்தார். சாவியைக் கையில் வைத்துக்கொண்டே சாவியைத் தேடினார்.

விசாரணை நாளில் பெனிற்றா கட்டிவிட்ட கழுத்துப் பட்டியோடு ஜூடித்தின் அறைக்குப் போனார். உள்ளே யனுஷன் இருந்தான். பெடியன் வேறு அலுவலாக வந்திருக்கிறான் என்று நினைத்து, முத்து வெளியே காத்திருக்கத் திரும்பினார்.

"இருங்கள்" என்றாள் ஜூடித். "முறைப்பாடு செய்தவர் தானே வந்து பேசுவதாகச் சொன்னார்."

முத்து கதிரையைப் பார்க்காமலே உட்கார்ந்தார். நல்லவேளை, கதிரை அங்கேதான் இருந்தது.

ஜூடித் தாளை வாசித்தாள். "கோச் எல்லாரையும் ஏசுவார். என்னை மட்டும் ஏசமாட்டார். நான் தமிழ் என்பதால் என்று நினைக்கிறேன்." அவள் கண்ணாடியைக் கழற்றினாள். "மிஸ்டர் முத்து, நீங்களும் தமிழ்தானே?"

"ஓம்" என்றார் முத்து, அவளிடம் தமிழில்.

யனுஷன் மேசையைப் பார்த்தபடி ஆங்கிலத்தில் பேசினான். "அப்தி கழுதை. ரஸ்வான் பூசணிக்காய். போன மாதம் நான் இரண்டு தரம் மற்ற அணிக்காரனுக்கே பந்தைக் கொடுத்தேன். நீங்கள் வெல் டன் என்றீர்கள். அப்படியென்றால் நான் சரிவரமாட்டேன் என்று முடிவு கட்டிவிட்டீர்கள், அப்படித்தானே? மூன்று கிழமையாக எல்லாருக்கும் வெல் டன் சொல்லுகிறீர்கள். எனக்கு அது முதல் நாளிலிருந்தே."

பதினேழு வயதில் தான் அனுபவித்த அதே அமைதியை, தன் கையாலேயே எடுத்து இந்தப் பெடியனுக்குக் கொடுத்திருக்கிறார். வெட்கமாக இருந்தது. சங்கம் உடைந்த கதையைச் சொல்ல வாயெடுத்தார். ஒரே பெயரில் இரண்டு சங்கம் என்பதை ஆங்கிலத்தில் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் வாயை மூடினார்.

ஜூடித்தின் குழப்பம் வேறு. "கழுதை" என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தாள். "அப்படியானால் ஏசுவதும் பிழை, ஏசாததும் பிழையா?" என்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கடைசியில், "புதன்கிழமை ஆட்டம் பார்க்க வருகிறேன். எல்லாரையும் ஒரேமாதிரி நடத்துகிறாரா என்பதை மட்டும் பார்ப்பேன். அதற்குப் பிறகு அணி இருக்குமா இல்லையா என்று சொல்கிறேன்" என்றாள்.

படியில் இறங்கும்போதே முத்து கணக்குப் போட்டார். கட்டளைக்கு ஏசுவது எப்படி? அளவு என்ன?

புதன்கிழமை மழை தூறியது. ஜூடித் றப்பர் சப்பாத்தும் குடையும் நோட்டுப் புத்தகமுமாகக் கோட்டருகே நின்றாள். முதல் பாதி முழுவதும் முத்து கைகளைப் பொக்கற்றுக்குள் வைத்து, வாயையும் அடக்கிக்கொண்டு நின்றார். ஒன்றுக்கு ஒன்று. இரண்டாம் பாதியில் யனுஷனின் காலுக்குப் பந்து வந்தது. என்ன செய்வது என்று அவன் யோசித்த நேரத்தில் எதிராளி அதைக் கொண்டு போய்விட்டான். பழக்கத்தில் "வெல் டன்" முத்துவின் தொண்டைவரை வந்தது. அப்போதுதான் கவனித்தார். பெடியன் பந்தைப் பார்க்கவில்லை, தன்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

பக்கத்தில் ஜூடித், அவள் கையில் பேனை, அந்தப் பேனையில் அணியின் விதி. முத்து வாயைத் திறந்தார். ஆங்கிலம் வரவில்லை.

"டேய் யனுஷன்! விசரா! பந்தைக் குடுத்துப்போட்டு என்ர மூஞ்சையை ஏன்டா பாக்கிறாய்? அங்கை பார், உன்ர பந்தைக் கொண்டுபோறான்! என்ன, வழியனுப்பி வைக்கப் போறியோ? ஓடடா, மாடு!"

ஓடிக்கொண்டிருந்த ரயிலில் தலைகள் நிமிர்ந்தன.

"ஓம், அங்கிள்!" என்று கத்திக்கொண்டு ஓடினான் யனுஷன். மைதானத்தின் பாதியை ஓடிக் கடந்து, சேற்றில் சறுக்கி விழுந்து பந்தைத் திருப்பி எடுத்தான். இந்த முறை முத்து "கோச்" என்று திருத்தவில்லை. கண் நிறைந்துவிட்டது. தூறல் இருந்ததால் ஒருவரும் கவனிக்கவில்லை.

"கோச்!" என்று கோலுக்குள்ளிருந்து ரஸ்வான் கத்தினான். "அவனுக்கு மட்டும் ஏன் நீளமாக? எங்களுக்கு ஒரு சொல்தானே!"

ஆட்டம் இரண்டுக்கு இரண்டு. முடிந்ததும் ஜூடித் யனுஷனைக் கூப்பிட்டாள். "இன்று உன்னை மற்றவர்களைப்போல நடத்தினாரா?"

"இல்லை மிஸ்."

முத்து பந்துப் பையைக் கட்டுவதை நிறுத்தினார்.

"எல்லாரையும்விட மோசமாக" என்றான் பெடியன், வாய் காது வரை போக. "முறைப்பாடு வேண்டாம் மிஸ். முடிந்தது."

ஜூடித் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து பேனையைத் தூக்கினாள். "இதை நான் எப்படி எழுதுவது?" என்று உண்மையாகவே முத்துவிடம் கேட்டாள்.

வெள்ளிக்கிழமை மின்னஞ்சல் வந்தது. முறைப்பாடு தீர்ந்தது, அணி தொடரலாம், மாணவர்களை மிருகங்களோடு ஒப்பிடுவதைப் பயிற்சியாளர் தவிர்க்க வேண்டும். முத்து இதையும் மூன்று தரம் வாசித்தார்.

"இஞ்சேர், பூசணிக்காய் மிருகமில்லைத்தானே?" என்று கேட்டார்.

"உங்களுக்கு என்ன பிடிச்சிட்டுது?" என்றாள் பெனிற்றா குசினிக்குள்ளிருந்து.

அன்று பின்னேரம் அணிப் பட்டியலின் பின்பக்கத்தில் பதினான்கு பெயரையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேரே ஒரு மரக்கறி எழுதினார். அப்திக்குப் புடலங்காய். ரஸ்வானுக்குப் பழையதே. யனுஷனுக்கு எது பொருந்தும் என்று வெகுநேரம் யோசித்து, முருங்கைக்காய் என்று எழுதினார். போதாதுபோல இருந்தது. பக்கத்தில் வாழைத்தண்டு என்றும் எழுதினார். எழுதிய பிறகுதான் பார்த்தார், மற்ற எல்லாருக்கும் ஒன்று, தன் ஆளுக்கு மட்டும் இரண்டு. ஒன்றை வெட்டிவிடலாமா என்று பேனையைத் தூக்கினார். பிறகு வெட்டவில்லை.