கோரஸில் டீச்சர்

போன சுதந்திர தினத்தன்று எங்கள் அடுக்ககத்தில் கொடியேற்றிய கையோடு, செயலாளர் தன் கைபேசியிலிருந்து பழைய யுத்தகாலப் பாட்டு ஒன்றை ஒலிபெருக்கியில் விட்டார். துடைத்து வைத்ததுபோல் பளிச்சென்று இருந்தது. எனக்கு மட்டும் ஏதோ குறைந்தது. லட்டு வாங்கும்போதுதான் பிடிபட்டது: கரகரப்பைக் காணோம்.

அந்தக் கரகரப்பு எனக்கு அஸ்தினாபுரத்தில் பழக்கமானது. இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள். முதல் வேலை, மாடியில் ஒற்றை அறை. கீழே வீட்டுக்காரர் ராகவன் சாரும் அவர் மனைவி சரோஜா டீச்சரும். இருவரும் ரிட்டயரானவர்கள். ஞாயிறு காலை இட்லிக்கு என்னையும் கூப்பிடுவார்கள். இட்லியோடு பாட்டும் உண்டு.

அதே பாட்டுதான், சீனச் சண்டை நடந்தபோது வெளியான இசைத்தட்டில். வாரம் தவறாமல் அது என்னை எல்லைக்கு அழைக்கும். நான் இன்னொரு இட்லி வைத்துக்கொள்வேன். ஊசி துள்ளாமலிருக்க அதன் தலையில் ஒரு நாணயத்தை ஏற்றியிருப்பார் சார். கோரஸ் எழும்போது விரலை உயர்த்துவார்.

"இதோ, இதான் எங்க சரோ. காலேஜ்ல படிக்கறப்ப பாடினது."

எனக்குப் பத்துப் பெண்கள் சேர்ந்து முழங்குவதுதான் கேட்கும். "ஆமா சார், தனியா தெரியுது" என்பேன். சட்னி நன்றாக இருக்கும். டீச்சர் சரியாக அந்நேரம் சமையலறைக்குள் போய்விடுவார். அடக்கம் என்று நினைத்திருந்தேன்.

ஒரு ஞாயிறு, மாடம்பாக்கம் கோயிலுக்கு வந்த டீச்சரின் கல்லூரித் தோழி வசந்தா வீட்டுக்கும் வந்தார். சார் உற்சாகமாக இசைத்தட்டைச் சுழலவிட்டு விரலை உயர்த்தினார்.

"அட, நாங்க பாடினது!" என்றார் வசந்தா. "சரோ, நீதான் அன்னிக்கு வரவே இல்லையேடி. உனக்கு அம்மை போட்டிருந்துதே."

பாட்டு தன்பாட்டுக்கு எல்லைக்குப் போய்க்கொண்டிருந்தது. சார் விரலை இறக்க மறந்திருந்தார். வசந்தா காபியைப் பாதியில் வைத்துவிட்டு, பஸ் போய்விடும் என்று கிளம்பினார்.

"இத்தனை வருஷமா சொல்லவே இல்லையே, சரோ."

"பொண்ணு பாக்க வந்தப்ப அப்பா சொல்லிட்டாரு. ரெக்கார்டுல பாடின பொண்ணுன்னதும் நீங்க உடனே சரின்னுட்டீங்க. அப்புறம் எப்படிங்க சொல்றது?"

சார் இசைத்தட்டை உறையில் போட்டு அலமாரியில் வைத்தார். அதன் பிறகு சில வாரங்கள் வெறும் இட்லிதான். மென்று விழுங்கும் சத்தமெல்லாம் கேட்டது. எல்லைக்கு யாரும் கூப்பிடவில்லையே என்று எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

பிறகொரு ஞாயிறு டீச்சரே அதை எடுத்துப் போட்டார். கோரஸ் வந்ததும், கையில் கரண்டியோடு சாரின் எதிரே நின்று, பாட்டுப்பெட்டியையும் மிஞ்சி உரக்கப் பாடினார். சுருதி கொஞ்சம் இறங்கியிருந்தது.

"இப்ப கேட்டுதா?"

"கேட்டுது" என்றார் சார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் இட்லியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சார் காலமாகிப் பல வருடங்களாகின்றன. அந்த வீடு இருந்த இடத்தில் இப்போது நாலு மாடிக் கட்டடம். பூனாவிலிருக்கும் மகள் வீட்டுக்குக் கிளம்பிய அன்று, டீச்சர் ரெக்கார்டு பிளேயரைப் பழைய சாமான்காரரிடம் கொடுத்துவிட்டார். இசைத்தட்டை மட்டும் புடவைகளுக்கு நடுவே வைத்துக்கொண்டிருந்தார்.

"அங்க போட்டுக் கேக்க மெஷின் இருக்கா டீச்சர்?"

"இல்லப்பா" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைப் பூட்டினார்.