அக்காவுக்கு வைத்திருந்த இடம்

தைசியாவை ஏமாளி என்று சொல்லாதவர்கள் எங்கள் ஊரில் கிடையாது. நானே அவள் முகத்துக்கு நேராகப் பலமுறை சொல்லியிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் சமையல்காரி. ஏதாவது ஒரு பிள்ளை இரண்டாம் முறை தட்டை நீட்டினால் தன் பங்கை ஊற்றிவிட்டு, வீட்டுக்கு வந்து காய்ந்த ரொட்டியைக் கடிப்பாள். யாரோடும் அவள் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் அவளுக்குப் பக்கத்து வீடு. அவள் மகள் சொலோமியாவுக்கு நான்தான் ஞானத்தாய். அவள் போட வேண்டிய சண்டைகளையும் சேர்த்து நானே போட்டுக்கொண்டிருந்தேன்.

அவள் புருஷன் மிரோன், பண்ணையில் கன்றுக்குட்டிகளைப் பார்த்துக்கொண்டவன். வெல்டிங்கும் தெரியும். ஊரில் பாதி இரும்புக் கதவுகள் அவன் கைவேலைதான். மாமியார் இறந்தபோது கல்லறையைச் சுற்றி இரும்பு வேலி போட்டவனும் அவன்தான். அந்த வேலியைப் பற்றி யோசித்தால் எனக்கு இன்னமும் வயிறு எரிகிறது.

தைசியாவுக்கு ஒரே ஒரு அக்கா, லிதியா. படிக்கப் போன இடத்தில் கல்யாணம் செய்துகொண்டு, எல்லைக்கு அந்தப் பக்கம், ரஷ்யாவில் இருக்கும் பிரியான்ஸ்கிலேயே தங்கிவிட்டாள். அப்போதெல்லாம் எல்லையை யார் எல்லையாக நினைத்தார்கள்? எங்கள் ஊரில் அந்தப் பக்கம் சொந்தம் இல்லாத வீடே இல்லை. அம்மாவின் அடக்கத்தன்று லிதியா மண்ணில் விழுந்து புரண்டாள். அப்பா அம்மா பக்கத்தில் தனக்கு ஓர் இடம் வேண்டும், அன்னிய மண்ணில் தன்னைப் போட்டுவிடக் கூடாது என்று கதறினாள். அந்த அம்மாவும் சாவதற்கு முன்னால் அதையேதான் கேட்டிருந்தாள். தைசியா வாக்குக் கொடுத்திருந்தாள். மிரோன் மறுபேச்சு பேசாமல் இன்னோர் ஆள் படுக்கும் அளவுக்கு வேலியை அகலப்படுத்தினான்.

ஈஸ்டர் முடிந்த அடுத்த வாரம் நாங்கள் கல்லறைக்குப் போய், எங்கள் வீட்டில் செத்தவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுவோம். சாயம் போட்ட முட்டை, இனிப்பு ரொட்டி, ஒரு பாட்டில், அவ்வளவுதான். லிதியா பஸ் பிடித்து வந்துவிடுவாள். தன் இடத்தில் தானே பூச்செடி நடுவாள். மிரோன் சும்மா இருப்பானா?

"நீ அவசரப்படாம மெதுவா வா அக்கா. அதுவரைக்கும் நான் இங்க உருளைக்கிழங்கு போட்டுக்கறேன்" என்பான்.

அவளும் சிரித்தபடி அவன் தலையில் ஒரு தட்டு தட்டுவாள். வர முடியாத வருஷங்களில் அம்மாவின் கல்லறையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்வாள். தைசியா அக்காவின் பேரில் ஒரு முட்டையை அம்மாவின் மேட்டில் வைத்து, அது தெரியும்படி போனில் படம் எடுத்து அனுப்புவாள்.

இப்படி இருந்த எங்கள் மேல்தான் ரஷ்யர்கள் டாங்கிகளை ஓட்டிக்கொண்டு வந்தார்கள். பிப்ரவரி முடியும் முன்பே ஊருக்குள் நுழைந்தாயிற்று. பள்ளிக்கூடத்தில் குடியேறினார்கள். பிள்ளைகளுக்கு வைத்திருந்த தானியத்தைத் தின்று தீர்த்தார்கள், வகுப்பறை மூலையிலேயே வெளிக்குப் போனார்கள். எங்கள் போன்களைப் பிடுங்கித் தரையில் போட்டு மிதித்தார்கள். நாங்கள் உருளைக்கிழங்கு வைக்கும் பாதாள அறையில் எலிகளோடு படுத்துக் கிடந்தோம்.

ஒரு நாள் அவர்களில் ஒல்லியாக ஒருத்தன் தைசியாவின் கதவைத் தட்டி ரொட்டி கேட்டான். எந்த ஊர் என்று இவள் கேட்டிருக்கிறாள். பிரியான்ஸ்க் என்றானாம். உடனே எந்தத் தெரு என்று விசாரித்து, உட்கார வைத்து, சூப் ஊற்றி, போகும்போது ஊறுகாய் போட்ட தக்காளி ஒரு ஜாடி வேறு கொடுத்து அனுப்பியிருக்கிறாள். கேள்விப்பட்டதும் எனக்கு ரத்தம் கொதித்தது.

"அவனும் ஒருத்தி பெத்த பிள்ளைதானே ரயிசா" என்றாள் என்னிடம்.

"பெத்தவ வீட்டுலயே வெச்சுக்க வேண்டியதுதானே. இங்க எதுக்குத் துப்பாக்கியைக் குடுத்து அனுப்பினா?" என்றேன்.

அதற்கு அடுத்த வாரம் மிரோனைச் சுட்டார்கள். பண்ணையில் கன்றுகள் பசியில் கத்துவது ஊர் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. அவனால் தாங்க முடியவில்லை. தான் சண்டைக்காரன் இல்லை என்று தெரியச் சட்டைக் கையில் வெள்ளைத் துணியைக் கட்டிக்கொண்டு, சைக்கிளில் தீவன மூட்டையை வைத்துத் தள்ளிக்கொண்டு போனான். தைசியா கேட் வரை போய் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்சந்தியில் நின்றிருந்தவர்கள் அவனைக் கூப்பிடவில்லை, நிறுத்தவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. சுட்டார்கள். அவள் கண் முன்னாலேயே சுட்டார்கள்.

எடுக்க விடவில்லை. கிட்டே போனவர்களின் தலைக்கு மேல் சுட்டுத் துரத்தினார்கள். பனி பெய்து அவன் மேல் படிந்தது. கடைசியில் தைசியா அவர்கள் அதிகாரியிடம் போய்க் கெஞ்சினாள். எடுத்துக்கொள், ஆனால் கல்லறைத் தோட்டம் பக்கம் வராதே, அங்கே எங்கள் பீரங்கிகள் நிற்கின்றன என்றான் அந்தப் பாவி. பிள்ளைகள் பனியில் சறுக்கி விளையாடும் வண்டியில் அவனைக் கிடத்தி, நானும் அவளும் இழுத்து வந்தோம். சுற்றுவதற்குச் சுவரில் மாட்டியிருந்த கம்பளம்தான் இருந்தது. அது அவர்கள் கல்யாணத்துக்கு லிதியா கொடுத்தது. வீட்டுக்குப் பின்னால் பேரி மரத்தடியில், உறைந்து கிடந்த மண்ணைக் கடப்பாறையால் உடைத்து, இரண்டு பொம்பளைகள் சேர்ந்து அவனைப் புதைத்தோம். எங்களால் ஆழமாகக்கூடத் தோண்ட முடியவில்லை.

மார்ச் கடைசியில் அவர்கள் ஓடிப்போனார்கள். சிக்னல் வந்ததும் தைசியா, அவர்கள் கையில் சிக்காமல் ஒளித்து வைத்திருந்த போனை எடுத்து முதலில் போலந்தில் இருக்கும் மகளுக்குச் சொன்னாள். அடுத்து அக்காவுக்கு. நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். உடன்பிறந்தவள், கதறப்போகிறாள், இவளை எப்படித் தேற்றுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

லிதியா கதறவில்லை. "எங்க பசங்க சாதாரண ஜனங்களைச் சுடமாட்டாங்க தைசியா. உங்க ஆளுங்களே சுட்டுட்டு எங்க மேல பழி போடறாங்க. டிவியில எல்லாத்தையும் காட்டறாங்க" என்றாள்.

"நான் பார்த்தேன்க்கா. கேட்ல நின்னு பார்த்தேன்."

"பயத்துல நீ என்னத்தைப் பார்த்திருப்பே?"

அப்புறம் அம்மாவின் கல்லறைக்குச் சேதம் ஏதும் இல்லையே என்று விசாரித்தாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கலாம் என்று நான் போனுக்குக் கையை நீட்டினேன். தைசியா தரவில்லை. அவளுக்கு அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள், அவள் என்ன செய்வாள் பாவம் என்றாள். அந்தப் பாவம் என்ற வார்த்தையைக் கேட்டு நான் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். அன்று முழுவதும் அவளோடு பேசவில்லை.

ஏப்ரலில் விசாரணைக்காரர்கள் வந்து மிரோனைத் தோண்டியெடுத்து நகரத்துக்குக் கொண்டுபோனார்கள். முதுகில் பாய்ந்த குண்டுகள் என்று எழுதிக் கொடுத்தார்கள். இனி முறையாக அடக்கம் செய்யலாம் என்றார்கள். எங்கே செய்வது? ஓடும்போது அந்தப் படுபாவிகள் கல்லறைத் தோட்டத்தில்கூடக் கண்ணிவெடி புதைத்துவிட்டுப் போயிருந்தார்கள். மிரோனின் அப்பா அம்மா கிடக்கும் பக்கம் முழுக்கச் சிவப்பு நாடா கட்டியிருந்தது. பழைய பகுதியை மட்டும்தான் எங்கள் ராணுவத்தினர் சோதித்து முடித்திருந்தார்கள். அங்கே எல்லாம் நெருக்கமான பழைய கல்லறைகள், வேலிக்கு வேலி முட்டிக்கொண்டு நின்றன. காலியாக இருந்தது ஒரே ஓர் இடம். மிரோன் அகலப்படுத்திய இடம்.

ஊர்த் தலைவரும் பாதிரியாரும் அங்கேயே வைத்துவிடலாம் என்றார்கள். இல்லாவிட்டால் மறுபடியும் பேரி மரத்தடிதான், பிணவறையில் இடம் இல்லை, எடுத்துப் போகச் சொல்லி அவசரப்படுத்துகிறார்கள் என்றார்கள். தைசியா என் சமையலறையில் வந்து உட்கார்ந்தாள்.

"அவரை மறுபடி கொல்லைப்புறத்துல போட மாட்டேன் ரயிசா. ஆனா அம்மாகிட்ட வாக்குக் குடுத்திருக்கேன். அக்காவைக் கேட்காம எப்படி?"

கேட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் என் முன்னால் கேள், ஸ்பீக்கரில் போட்டுக் கேள் என்றேன். எனக்குத் தெரியும், அவள் மறுக்கமாட்டாள் என்று. எவ்வளவு டிவி பார்த்தாலும் மனுஷி மனுஷிதானே, தன் கையால் தலையில் தட்டு வாங்கிச் சிரித்தவனுக்கு ஆறடி மண் தரமாட்டாளா என்று நினைத்தேன். ஊர் முழுக்கத் தைசியாவை ஏமாளி என்கிறது, நான் அவளைவிடப் பெரிய ஏமாளி.

தைசியா எல்லாவற்றையும் சொன்னாள். கண்ணிவெடி, சிவப்பு நாடா, பேரி மரம். பிச்சை கேட்கிற குரலில் சொன்னாள். அந்தப் பக்கம் லிதியா அழ ஆரம்பித்தாள். விக்கி விக்கி அழுதாள்.

"அது என் இடம்டி. அம்மா எனக்குன்னு வெச்சது. நான் செத்தா எங்க போவேன்? கொஞ்ச நாள் பொறுத்துக்கோ. எங்க ஆளுங்க திரும்ப வருவாங்க, கண்ணிவெடியெல்லாம் எடுத்துக் குடுத்துடுவாங்க. அப்புறம் அவனை அவங்க அப்பா பக்கத்துலயே வைக்கலாம்."

என் கையில் இருந்த தேநீர்க் கோப்பையை நான் மேசையில் வைத்த வேகத்தில் கைப்பிடி உடைந்து வந்துவிட்டது. தைசியா அசையவில்லை.

"அவர் செத்தார்னு சொன்னப்போ நீ அழலையேக்கா" என்றாள்.

"அது அரசியல் தைசியா. அதை விடு. இது நம்ம குடும்ப விஷயம்."

தைசியா போனை அணைத்தாள். எழுந்து, என் கொட்டகையில் சாத்தியிருந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நேராகக் கல்லறைக்கு நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன். வேலிக்குள் லிதியா நட்டிருந்த பூச்செடிகள் அப்போதுதான் துளிர்விட்டிருந்தன. ஒன்று விடாமல் வேரோடு பிடுங்கி வேலிக்கு வெளியே எறிந்தாள். கை முழுக்க மண். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை.

அடக்கத்தன்று ஊர்த் தலைவர், சிலுவையில் மாட்டும் தகட்டில் என்ன எழுதுவது என்று கேட்டார். இப்படிச் செத்தவர்களுக்குத் துயர மரணம் என்று போடுவது வழக்கம், அப்படியே போட்டுவிடலாமா என்றார்.

"அவர் என்ன குளத்துல தவறி விழுந்தாரா?" என்றாள் தைசியா. அவள் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றுதான். "கன்னுக்குட்டிக்குத் தீவனம் வைக்கப் போனவரை ரஷ்ய ராணுவம் முதுகுல சுட்டுக் கொன்னுச்சு. அப்படியே எழுதுங்க. கொட்டை எழுத்துல எழுதுங்க."

அப்படியே எழுதினார்கள். எங்கள் வழக்கப்படி சிலுவையில் பூத்தையல் போட்ட துண்டைக் கட்டினோம்.

அடுத்து ஈஸ்டர் வந்தது, அதற்கடுத்த வாரமும் வந்தது. நாங்கள் கூடையோடு கல்லறைக்குப் போனோம். சிவப்பு நாடாவுக்கு இந்தப் பக்கம் சொந்தம் இருந்தவர்கள் மட்டும்தான் வந்திருந்தோம். மற்றவர்கள் வாசலிலேயே நின்று, தூரத்திலிருந்து தங்கள் ஆட்களைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். தைசியா அப்பா மேல் ஒரு முட்டை, அம்மா மேல் ஒரு முட்டை, மிரோன் மேல் ஒரு முட்டை வைத்தாள். பிறகு அம்மா மேல் இன்னொன்று வைத்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாருக்கு என்று கேட்கவே தேவையில்லை. இத்தனைக்கும் பிறகுமா என்று வாயைத் திறந்தேன், அதற்குள் அவள் போன் அடித்தது.

லிதியா அனுப்பிய செய்தி. வழக்கம்போல அம்மாவைப் படம் எடுத்து அனுப்பு என்று இருந்தது. தைசியா வேலிக்கு வெளியே வந்து நின்று, மூன்று மேடுகளும் மிரோனின் சிலுவையும் தகடும் தெரியும்படி எடுத்து அனுப்பினாள். பார்த்துவிட்டதற்கு அடையாளம் உடனே விழுந்தது. இருவரும் போனையே பார்த்துக்கொண்டு நின்றோம். இப்போதாவது ஒரு வார்த்தை சொல்வாள் என்று, சத்தியமாகச் சொல்கிறேன், நான்கூட எதிர்பார்த்தேன்.

பதில் வந்தது. தைசியா கண்ணாடி போடாததால் என்னிடம் நீட்டினாள். நான் வாசித்தேன்.

"பேரப் பிள்ளைங்களுக்குக் காட்டணும். அந்தச் சிலுவை தெரியாம, அம்மாவை மட்டும் தனியா எடுத்து அனுப்பு."

தைசியா போனை வாங்கி மேலங்கிப் பைக்குள் போட்டாள். வேலிக்குள் குனிந்து, அம்மாவின் மேல் இரண்டாவதாக வைத்திருந்த முட்டையை எடுத்தாள். மிரோனின் சிலுவையில் தட்டி உடைத்து, உரித்து, ஓட்டைக் கீழே போட்டாள். உப்பைத் தொட்டுக்கொண்டு, நின்றபடியே முழுசாகத் தின்றாள்.

"இன்னொண்ணு குடு ரயிசா" என்றாள். "பசிக்குது."