புளி போட்டுத் துலக்கிய டோர்பிடோக் கருவி

சென்ற கோடையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு கடல் அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தேன். அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள், திருவிழாக் குத்துவிளக்குப் போலப் பளபளத்துக்கொண்டு, ஒரு பித்தளைக் கருவி இருந்தது. அரைவட்டத் தகடு, அதன்மேல் அசைக்கக்கூடிய மூன்று சட்டங்கள், ஓரம் முழுக்க வெட்டிய இலக்கங்கள். அந்தக் காலத்துப் பிரித்தானியப் போர்க்கப்பல்களில் டோர்பிடோவைக் குறிவைக்கப் பயன்பட்டது என்று கீழே எழுதியிருந்தார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. இதை இப்படி மினுக்கி வைக்க யாருக்கோ சம்பளம் கொடுக்கிறார்கள். இதே வேலையை இதைவிட வடிவாகச் செய்ததற்காக என் அம்மா ஹம்பேர்க்கில் ஒரு படிக்கட்டில் நின்று ஏச்சு வாங்கினார். முப்பது வருடத்துக்கு மேலாகிறது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. அகதிகள் விடுதியான ஹைமில் அத்தனை குடும்பத்துக்கும் ஒரே குசினி, ஒரே குளியலறை, ஓயாத சண்டை. அதிலிருந்து ஒருவழியாக அனுமதி வாங்கி, எல்பே ஆற்றைப் பார்த்த மேட்டில், ஒரு வயதான விதவையின் வீட்டுக் கீழ்த்தளத்தில் இரண்டு அறைகளுக்கு வந்து சேர்ந்தோம். நாங்கள் பலமாகத் தும்மினால்கூட அப்பாவின் கண் மேல்மாடிப் பக்கம் போகும். வீட்டுக்காரம்மா போ என்று ஒரு வார்த்தை சொன்னால் மறுபடி ஹைம்தான்.

அந்த நாட்டில் படிக்கட்டுக்கும் முறை உண்டு. ஒரு கிழமை வீட்டுக்காரம்மா துடைப்பார், மறு கிழமை நாங்கள். முறைக்காரரின் கதவுப் பிடியில் ஒரு அட்டை தொங்கும். எங்கள் முதல் முறை முடிந்ததும் அவர் கைபிடிச் சட்டத்தில் ஒரு விரலை ஓட்டி, ஒட்டிய தூசியை அம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டிக் காட்டினார். அடுத்த முறை முன்கதவுக் குமிழைத் தட்டி, "மெஸ்ஸிங், மெஸ்ஸிங்" என்று சிடுசிடுத்தார்.

"பித்தளை மினுங்கவேணுமாம் அம்மா," என்று நான் சொன்னேன். எனக்கு அப்போது பத்து வயது. வீட்டில் ஜெர்மன் தெரிந்த ஒரே ஆள் என்பதால் எல்லா ஏச்சும் என் வாய் வழியாகத்தான் உள்ளே வரும்.

சுத்தத்தில் அம்மாவுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் துவைக்காத துணி என்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது. சின்ன மாமாவின் சட்டை. அவர் அம்மாவின் தம்பி. ஊரில் இருந்தபோது ஒருநாள் வேலை முடிந்து வந்து, அந்தச் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, குளித்து வேறு உடுத்திக்கொண்டு ரவுனுக்குப் போனார். ஆமி பிடித்ததைக் கண்டவர்கள் உண்டு. அதற்குப் பிறகு கண்டவர்கள் இல்லை. அந்தச் சட்டை எங்கள் பெட்டியின் அடியில் கசங்கிப்போய், கழுத்துப்பட்டியில் அழுக்கோடு கிடந்தது. ஹைமில் நான் அம்மாவுக்கு உதவி செய்கிறேன் என்று நினைத்து அதை எடுத்துத் துவைக்கிற கூடைக்குள் போட்டேன். அதற்கு வாங்கிய அடியை நான் மறக்கவில்லை. ஊத்தைத் துணியை ஊத்தைக் கூடைக்குள் போட்டது ஒரு குற்றமா?

மேல்மாடிக்குப் போகும் வழியில், படிகள் திரும்பும் இடத்து யன்னல் தட்டில்தான் அந்தக் கருவி நின்றது. ஒரு சுளகு அகலம், கோப்பி நிறம். காணி அளக்கிறவர்களின் சாமான் என்று அப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டார். என் தம்பிக்கும் எனக்கும் அதுவெல்லாம் தேவையில்லை. ஒரு சட்டத்தின் நுனியில் இருந்த வெட்டு வழியாகப் பார்த்தால் ஆற்றில் போகும் கப்பல் சரியாக வந்து நிற்கும். தம்பி ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு "டுமீல்" என்பான். அருங்காட்சியகத்துக் குறிப்பின்படி அவன் ஒரு கப்பலையும் தாட்டிருக்க முடியாது. ஒரு சட்டத்தை டோர்பிடோவின் போக்குக்கும் வேகத்துக்கும், இன்னொன்றை எதிரிக் கப்பலின் போக்குக்கும் வேகத்துக்கும் பொருத்தி வைத்துவிட்டு, மூன்றாவதன் வழியே பார்த்துக் காத்திருக்க வேண்டுமாம். டோர்பிடோவை விடுவது கப்பல் நிற்கிற இடத்துக்கு அல்ல, அது போய்ச் சேரப்போகிற வெறும் தண்ணீருக்கு.

மூன்றாவது முறை வந்த சனிக்கிழமை, யன்னல் தட்டைத் துடைக்கப்போன அம்மா அந்தக் கருவியை உற்றுப் பார்த்தார். ஒரு சட்டத்தில் கன்னங்கரேலென்று விரல் அடையாளங்கள் இருந்தன. மேலே நாலு விரல், கீழே பெருவிரல். வியர்வைக் கை பட்ட பித்தளை கறுக்கும் என்பது பித்தளைச் செம்பு புழங்கிய எல்லாருக்கும் தெரியும். அடையாளங்கள் சின்னன். எங்கள் வீட்டில் சின்னக் கை யாருடையது? தம்பியின் காது திருகுப்பட்டது.

"நான் அதில பிடிக்கேல்லை அம்மா," என்று அவன் அழுதான்.

"அது முந்தியே இருந்தது," என்று நானும் சொன்னேன். யார் கேட்டார்கள்?

அம்மா உள்ளே போய்ப் புளியும் உப்பும் கொண்டுவந்தார். புகையிரத நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் வாங்கிய புளி, குழம்புக்கே கிள்ளிக் கிள்ளிப் போடுகிற புளி. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அந்தக் காலை முழுக்கத் தேய்த்தார். கோப்பி நிறம் கரைந்து, பொன்னாக ஒரு கருவி வெளியே வந்தது. அம்மா இரண்டு படி இறங்கி நின்று அதைப் பார்த்தார். ஜெர்மனிக்கு வந்த பிறகு அப்படி ஒரு சந்தோஷத்தை அவர் முகத்தில் நான் கண்டதில்லை.

"இப்ப வந்து விரலை வைச்சுப் பாக்கட்டும்," என்றார்.

வீட்டுக்காரம்மா கடைக்குப் போய்த் திரும்பினார். கருவியைக் கண்டதும் பை கையைவிட்டு நழுவியது. உருளைக்கிழங்குகள் படிப்படியாக இறங்கி எங்கள் வாசலுக்கு உருண்டன. பிறகு அவர் போட்ட சத்தம் இருக்கிறதே! உங்களைப் போன்றவர்களை உள்ளே விட்டது என் பிழை, தொட்டதெல்லாம் நாசம், மாத முடிவில் வெளியே போய்விட வேண்டும்.

"என்னவாம்? வடிவா இல்லையாமோ?" என்று அம்மா கேட்டார்.

"வீட்டை விட்டுப் போகட்டாம்."

அம்மாவின் முகம் சிவந்தது. "ஏனாம்? கேளடி! துலக்கினது குற்றமோ எண்டு கேள். இவ்வளவு காலமும் ஊத்தையா வைச்சிருந்தது அவதானெண்டும் சொல்லு."

நான் சந்தோஷமாகச் சொன்னேன். பள்ளிக்கூட முற்றத்தில் பழகிய ஜெர்மன், சண்டைக்கு நன்றாகவே உதவும். மெஸ்ஸிங் மினுங்கவேண்டும் என்று சொன்னது நீதானே என்றும் சேர்த்துக் கேட்டேன். அது பொய்யா?

வீட்டுக்காரம்மா படியில் உட்கார்ந்துவிட்டார். அந்தச் சட்டத்தின் பளபளப்பை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். பிறகு மெல்லிய குரலில் பேசினார். முதலாம் உலகப்போருக்குப் பிறகு, உடைத்து விற்க வந்த பிரித்தானியப் போர்க்கப்பல் ஒன்றிலிருந்து அவருடைய தகப்பன் கழற்றிக்கொண்டு வந்த கருவி அது. அவருடைய தம்பி சிறுவயதில் நாள்தோறும் அந்த யன்னலில் நின்று அதைப் பிடித்துக் கப்பல்களைக் குறிவைப்பானாம். வளர்ந்து, அடுத்த போரில் கடற்படைக்குப் போனவனாம். ஒரு பொத்தான்கூடத் திரும்பி வரவில்லையாம்.

நான் சூடு ஆறாமலே மொழிபெயர்த்தேன். "அது அவவின்ர தம்பியின்ர கை அடையாளமாம். சின்னனில பிடிச்சு விளையாடினதாம். சண்டைக்குப் போனவர் வரேல்லையாம். அதை நீங்கள் அழிச்சுப்போட்டியளாம். சும்மா சாட்டுச் சொல்லுறா அம்மா."

அம்மா புளி படிந்த கைகள் இரண்டையும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார்.

"ஐயோ, தெரியாமச் செய்துபோட்டன் எண்டு சொல்லு பிள்ளை."

"நான் சொல்லமாட்டன். அவதானே மினுக்கச் சொன்னவ!"

அம்மா என்னோடு மல்லுக்கட்டவில்லை. உள்ளே போனார். அப்பாவைக் கூப்பிடத்தான் போகிறார், இனித்தான் சரியான நியாயம் கேட்கப்போகிறோம் என்று நான் இடுப்பில் கைவைத்துக் காத்திருந்தேன். அவர் பெட்டி அடியில் கிடந்த சின்ன மாமாவின் சட்டையோடு வந்தார். என்னைத் தாண்டிப் படியேறி, வீட்டுக்காரம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அதை அவர் மடியில் விரித்தார். கழுத்துப்பட்டியின் அழுக்கைத் திருப்பிக் காட்டினார்.

"தம்பி," என்றார்.

நான் அதை மொழிபெயர்க்கவில்லை. வீட்டுக்காரம்மாவும் என்னிடம் கேட்கவில்லை. கைபிடியில் தூசி பார்த்த அதே விரலால் அந்தக் கழுத்துப்பட்டியை ஒருமுறை தொட்டார்.

வீட்டைக் காலி செய்கிற பேச்சு அதன் பிறகு எழவில்லை. அந்தக் கருவி மெல்ல மெல்ல மறுபடி கறுத்தது. எங்கள் முறை வரும்போதெல்லாம் அம்மா அதைச் சுற்றித்தான் துடைத்தார். ஆனால் அன்று எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. ஏற்கெனவே எங்களை ஊத்தையர் என்று நினைக்கிற மனுசி. அவருக்கு முன்னால், வீட்டில் இருந்த ஒரே ஊத்தைத் துணியைக் கொண்டுபோய் விரித்தால் எங்கள் மானம் என்னாவது? காட்டத்தான் வேண்டுமென்றால், ஒருதரம் துவைத்துவிட்டாவது காட்டியிருக்கக் கூடாதா என்று அம்மாவோடு கோபித்துக்கொண்டு, அன்றிரவு நான் சாப்பிடாமலே படுத்தேன்.